படக்கருவி காணாத போராட்டம்: ஏ. கே. செட்டியாரின் காந்தி ஆவணப்படமும் தென்னாப்பிரிக்கத் தமிழரும்

ஆய்வுச் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவில் நிறவேற்றுமையை எதிர்த்துப் பொதுவாழ்வைத் தொடங்கிய காந்தியடிகளைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுத்த முன்னோடி, செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் (1911–1983). 1937இல் கருக்கொண்டு 1940இல் திரைக்கு வந்த அப்படத்தின் உருவாக்கத்தை வரலாற்றுச் சான்று திரட்டும் முறையியலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அசையும் படங்களைச் சான்றாகக் கொள்ளும் வரலாறு எவற்றைக் காட்ட இயலும், எவற்றைக் காட்ட இயலாது என்பதும், அவ்வரம்பு தென்னாப்பிரிக்கப் போரில் பங்குகொண்ட தமிழரின் நினைவை எவ்வாறு பாதித்தது என்பதும் இங்கு விவாதிக்கப்படுகின்றன. படத்தின் தமிழ் வடிவம் ஆய்வாளர்க்கு எட்டாத நிலையில், எழுத்தாவணங்களைக் கொண்டு அவ்விடைவெளியை நிரப்பும் வழிகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஏ. கே. செட்டியார், ஆவணப்படம், தென்னாப்பிரிக்கா, ஒப்பந்தத் தொழிலாளர், சத்தியாக்கிரகம், தில்லையாடி வள்ளியம்மை.

1. முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கதைப்படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1931இல் பேசத் தொடங்கிய தமிழ்ப்படம், முதற் பத்தாண்டில் புராணத்தையும் சமூகக் கதையையும் நாடகமேடைப் பாட்டையும் திரைக்குக் கொணர்ந்தது. அப்பத்தாண்டு முடியும் தறுவாயில், நடிகரோ கதையோ இல்லாத ஒரு படத்தைத் தமிழர் ஒருவர் உருவாக்கினார். வாழும் மனிதர் ஒருவரின் வரலாற்றை, உலகெங்கும் சிதறிக்கிடந்த படச்சுருள்களைத் தேடித் தொகுத்து அவர் சொன்னார். இந்திய அரசின் திரைப்படப் பிரிவு 1948இல் தோன்றியது. அதற்கு எட்டாண்டுகள் முன்னரே இப்பணி நிறைவேறிவிட்டது.

இம்முயற்சி பயணத்தின் வியப்பாகவும் தேசபக்தியின் சான்றாகவும் பலமுறை பாராட்டப்பட்டுள்ளது. அதனை வரலாற்றியல் நோக்கில் அணுகிய எழுத்துகள் குறைவு. அநீதியை எதிர்த்த மனிதர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முற்படும் எவர்க்கும் இரு வினாக்கள் எழும். எதிர்ப்பு நிகழ்ந்த கணத்தில் படக்கருவி அங்கு இருந்ததா என்பது முதலாவது. ஒருவரின் வரலாற்றைச் சொல்லும்போது அவரோடு நின்ற பலருக்கு அதில் இடமுண்டா என்பது இரண்டாவது. செட்டியாரின் பணி இவ்விரு வினாக்களையும் ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

2. படத்தின் பிறப்பும் பயணமும்

கருப்பன் செட்டியார் என்னும் இயற்பெயருடைய ஏ. கே. செட்டியார் இதழாசிரியராகவும் பயண எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்த அவர், பின்னர் 1943இல் ‘குமரி மலர்’ இதழைத் தொடங்கினார். ஜப்பானிலும் தொடர்ந்து நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 அக்டோபர் 2 அன்று, காந்தியடிகளின் பிறந்தநாளில், நியூயார்க்கிலிருந்து டப்ளின் நோக்கிச் சென்ற கப்பலில் இப்படம் பற்றிய எண்ணம் அவர்க்குத் தோன்றியது. அப்போது அவர்க்கு அகவை இருபத்தாறு நிறையவில்லை.

தொடர்ந்து வந்த மூன்றாண்டுகளில் அவர் நான்கு கண்டங்களில் ஏறத்தாழ 1,00,000 மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த படச்சுருள்களிலிருந்து ஏறத்தாழ 50,000 அடி திரட்டப்பட்டது. பாரிசில் பயிற்சி பெற்ற செய்திப்பட ஒளிப்பதிவாளர் பி. வி. பதி இப்பணியில் துணைநின்றார். தொகுத்து முடித்த படம் 12,000 அடி நீளமுடையதாய், தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டு 23 அன்று வெளியாயிற்று. தெலுங்கு வடிவம் பின்தொடர்ந்தது. இந்தி வடிவம் 1947 ஆகஸ்டில், விடுதலையை ஒட்டித் தில்லியில் காட்டப்பெற்றது. அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவம் 1953இல் வெளிவந்தது.

இப்பயணத்தின் காலச்சூழல் கருதத்தக்கது. 1938, 1939 ஆகிய ஆண்டுகள் ஐரோப்பா போரை நோக்கிச் சென்ற காலம். இந்தியாவிலோ காங்கிரசு அமைச்சரவைகள் 1937 முதல் 1939 வரை ஆட்சியிலிருந்து, போர் அறிவிப்பை ஒட்டிப் பதவி விலகின. படம் வெளியான 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதே ஆண்டு பிரித்தானிய இந்திய அரசு போர்ப் பரப்புரைக்கெனத் திரைப்பட ஆலோசனைக் குழுவை அமைத்தது. அரசு தன் பணத்தில் போருக்கு ஆதரவான குறும்படங்களை எடுக்கத் தொடங்கிய வேளையில், தனியார் ஒருவர் அப்பேரரசின் எதிராளியைப் பற்றிப் படம் காட்டினார் என்பதே இதன் அரசியல் பொருள்.

படத்தின் நாயகரோ திரைப்படத்தைப் பொருட்படுத்தாதவர். 1927இல் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு வினாநிரல் அனுப்பியபோது, அக்கலையில் தமக்கு ஈடுபாடில்லை என்னும் பொருள்படவே காந்தியடிகள் விடையளித்தார். ஆகவே இப்படம் அவருடைய ஏற்பாட்டில் எழுந்த விளம்பரமன்று. வெளியிலிருந்து ஓர் ஆய்வாளன் மேற்கொள்ளும் தேடலின் தன்மையே இதற்கு உண்டு.

3. சுருளைச் சான்றாக்கும் முறை

அடிக்கணக்கை மணிக்கணக்காக மாற்றிப் பார்த்தால் இப்பணியின் அளவு விளங்கும். 35 மி.மீ. படச்சுருளில் ஓரடிக்கு 16 படச்சட்டங்கள் அமையும். பேசும்படம் நொடிக்கு 24 சட்டங்கள் என்னும் விரைவில் ஓடுவதால், ஒரு நிமிடத்திற்கு 90 அடி செலவாகும். அக்கணக்கில் 50,000 அடி ஏறத்தாழ ஒன்பதேகால் மணி நேரம். 12,000 அடி ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். நான்கில் மூன்று பங்கைக் கழித்தே படம் உருவாயிற்று.

திரட்டிய சுருள்களின் வயதும் ஒரு சிக்கலை எழுப்பக்கூடியது. 1920களின் இறுதிவரை எடுக்கப்பட்டவை ஊமைப்படச் சுருள்கள். அவை பெரும்பாலும் நொடிக்கு 16 சட்டங்களை ஒட்டிய விரைவில் பதிவானவை. அவற்றைப் பேசும்படக் கருவியில் அப்படியே ஓட்டினால் அசைவு ஒன்றரை மடங்கு விரைவுறும். ஊர்வலம் ஓட்டமாகும், வணக்கம் துடிப்பாகும், மாண்புடைய காட்சியொன்று நகைப்புக்குரியதாக மாறிவிடும். ஒன்றுவிட்டு ஒரு சட்டத்தை இருமுறை அச்சிட்டு இக்குறையைச் சரிசெய்வது அக்காலத் தொழில்வழக்கம். சுவடியைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாட்டை ஒழுங்குசெய்வதற்கு இது நிகரானது. மூலத்தின் பொருள் காக்கப்பட, மூலத்தின்மீது ஒரு தலையீடு தேவையாகிறது.

சுவடிப் பதிப்போடு இவ்வொப்புமையை மேலும் நீட்டலாம். உ. வே. சாமிநாதையர் வீடுதோறும் ஏடு தேடினார். செட்டியார் நாடுதோறும் படநிறுவனங்களின் காப்பறைகளைத் தேடினார். இருவர்க்கும் சான்று ஓரிடத்தில் இல்லை. அதன் மதிப்பை உடைமையாளர் உணர்ந்திருந்ததும் இல்லை. செய்திப்பட நிறுவனத்தின் நோக்கில் ஒரு சுருள் அந்தக் கிழமைக்குரிய பண்டம்; காட்சிக்காலம் கடந்ததும் அது கழிவே. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் அடிப்பொருளால் ஆனவையாதலின், அவற்றைச் சேமித்து வைப்பது செலவும் இடரும் ஆகும். கழிவாகக் கருதப்பட்டதைச் சான்றாக மீட்டது செட்டியாரின் முதற்பங்களிப்பு.

4. படக்கருவி இல்லாத களம்

காந்தியடிகளின் பொதுவாழ்வைத் திரையில் சொல்ல முயல்வோர் தொடக்கத்திலேயே ஒரு வெற்றிடத்தை எதிர்கொள்ள நேரும். பீட்டர்மாரிட்சுபர்க் தொடர்வண்டி நிலையத்தில், முதல்வகுப்புச் சீட்டிருந்தும் நிறத்தின் பொருட்டு அவர் இறக்கிவிடப்பட்டது 1893 ஜூன் திங்களில். லூமியர் உடன்பிறந்தார் பாரிசில் கட்டணக் காட்சியாக அசையும் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டியது 1895 டிசம்பர் 28இல். அதாவது இவ்வரலாற்றின் தோற்றுவாயாகிய நிகழ்ச்சி திரைப்படத்திற்கே முந்தியது. அதனைக் காட்டும் சுருள் உலகில் எங்கும் இருத்தல் இயலாது.

பிற்காலத்து நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய இயலாமை இல்லை; தடை வேறுவகையானது. 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் இந்தியர் கூடிப் பதிவுச் சட்டத்திற்கு அடிபணிவதில்லை என உறுதியேற்றபோது திரைப்படம் பத்தாண்டு கடந்திருந்தது. 1913இல் பெரும்போராட்டம் எழுந்தபோது ‘ஆப்பிரிக்கன் மிர்ரர்’ என்னும் செய்திப்படத் தொடர் அந்நாட்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது. ஆயினும் அன்று படக்கருவி யார் கையிலிருந்ததோ, அவர்கள் காணத்தக்கது எனக் கருதியதே சுருளில் ஏறியது. கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தோர் அக்கருவியின் எதிரில் நிற்கும் வாய்ப்பு அரிது.

செட்டியார் தென்னாப்பிரிக்காவிற்கும் சென்றார். அவர் பயணம் செய்த காலத்தில் நிறவேற்றுமை அங்குக் கடந்தகாலச் செய்தியாக இல்லை. புதிய இந்தியர் குடியேறுவதைப் பெரிதும் தடுத்த 1913ஆம் ஆண்டுக் குடியேற்ற ஒழுங்குமுறைச் சட்டம் நடப்பில் இருந்தது. கேப் மாகாணத்து ஆப்பிரிக்கர் பொதுவாக்காளர் பட்டியலிலிருந்து 1936இல் நீக்கப்பட்டிருந்தனர். எந்த அநீதியின் எதிர்ப்பைப் பதிவுசெய்ய அவர் முனைந்தாரோ, அவ்வநீதி ஆளும் மண்ணில் நிறமுடைய ஒருவராகவே அவர் கால்வைக்க வேண்டியிருந்தது. மற்றொரு புறம், அன்றைய சூழல் ஓர் அரிய வாய்ப்பையும் அளித்தது. காந்தியடிகளின் அக்காலத் தோழர்களாகிய ஹென்றி போலக், ஹெர்மன் காலன்பாக் ஆகியோர் அப்போது உயிருடன் இருந்தனர். காலன்பாக் 1945இலும் போலக் 1959இலும் மறைந்தனர். படம் பத்தாண்டு தள்ளிப்போயிருந்தால் முதனிலைச் சான்றாளர் பலர் இல்லாமற் போயிருப்பர்.

5. ஒருவரும் பலரும்

தென்னாப்பிரிக்கப் போரின் உடற்பாட்டைப் பெரிதும் தாங்கியவர்கள் தமிழர். அவர்களின் வரலாறு 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பலோடு தொடங்குகிறது. சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச்சென்ற கப்பல் அது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே வாழ விழைந்தோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. ஒரு கூலியாளின் பல மாத ஊதியம் அது.

இம்மக்களில் சிலர் பெயரளவில் நமக்குத் தெரிந்தவர்கள். வெள்ளை முதலாளியால் பல் உடைய அடிக்கப்பட்டு, தலைப்பாகையைக் கையிலேந்தியபடி இளம் வழக்கறிஞர் காந்தியின்முன் வந்து நின்ற பாலசுந்தரம் முதலாமவர். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தது வெள்ளையர்முன் அவர்கள் கடைப்பிடிக்க வேண்டியிருந்த வழக்கம். அதனை மீண்டும் தலையில் அணியச் செய்ததைக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். அடுத்தவர், மொரீஷியசில் பிறந்த தம்பி நாயுடு. 1908 பிப்ரவரியில் காந்தியடிகள் தாக்கப்பட்டபோது உடனிருந்து தாமும் அடிபட்டவர். தமிழர் நலச் சங்கத்தின் தலைவராக விளங்கியவர். சிறையில் பட்ட துன்பத்தால் 1909இல் மாண்ட நாகப்பன், நாடுகடத்தப்பட்டு அலைக்கழிந்து 1910இல் மாண்ட நாராயணசாமி, சிறைமீண்ட சின்னாட்களில் 1914 பிப்ரவரி 22இல் பதினாறாம் அகவையில் மாண்ட வள்ளியம்மை ஆகியோர் ஏனையோர். வள்ளியம்மையின் பெற்றோரது ஊராகிய தில்லையாடிக்குக் காந்தியடிகள் 1915இல் நேரில் சென்றார்.

1913 நவம்பர் 6இல் டிரான்சுவால் எல்லையைக் கடந்து நடந்த அணியில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் இருந்தனர். இவ்வெண்களைத் தந்தவர் காந்தியடிகளே. அதற்கு முன்னர் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தவர்கள், தம்பி நாயுடுவுடன் சென்ற டிரான்சுவால் பெண்கள். அவர்களிற் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 1914ஆம் ஆண்டு இந்தியர் துயர்தணிப்புச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது இவ்வெழுச்சியின் விளைவு.

இங்குதான் இரண்டாம் வினா கூர்மை பெறுகிறது. ஒருவரின் பெயரால் அமையும் ஆவணப்படம், அவரைச் சூழ்ந்து நின்ற சுருள்களையே நாடும். 1915க்குப் பின் காந்தியடிகள் செல்லுமிடமெல்லாம் படக்கருவி தொடர்ந்தது. அவர்க்கு வலிமை சேர்த்த நேட்டால் தொழிலாளரை அது தொடரவில்லை. ஆகவே சான்றின் மிகுதியைப் பின்பற்றும் தொகுப்பாசிரியர் எவரும், தாம் விரும்பாமலே, 1893 முதல் 1914 வரையான இருபத்தொராண்டுகளைச் சுருக்கவும் பிற்கால இந்திய ஆண்டுகளை விரிக்கவும் நேர்கிறது. இது செட்டியார் ஒருவரின் குறையன்று. இவ்வகைமைக்கே உரிய வரம்பு. விட்டல்பாய் ஜாவேரி 1968இல் ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓடும் காந்தி ஆவணப்படத்தை உருவாக்கியபோதும் இதே சமனின்மை நீடித்தது.

அண்மைக்கால ஆய்வு வேறொரு வினாவையும் எழுப்பியுள்ளது. அஷ்வின் தேசாய், கூலம் வாகித் ஆகியோர் தம் நூலில், தென்னாப்பிரிக்க ஆண்டுகளின் காந்தியடிகள் இந்தியர் உரிமையைப் பேரரசின் குடிமக்கள் உரிமையாகக் கோரினார் என்றும், ஆப்பிரிக்கரை அக்கோரிக்கையோடு சேர்த்து நோக்கவில்லை என்றும் வாதிடுகின்றனர். 1906இல் சூலு மக்களின் கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது அவர் அரசுத் தரப்பில் காயமுற்றோர் சேவை அணி அமைத்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அவ்வணி பெரிதும் சிகிச்சையளித்தது காயமுற்ற சூலுக்களுக்கே என்பதும், அவருடைய நோக்கு பின்னாளில் விரிந்தது என்பதும் மறுதரப்பு வாதம். இன்று இப்பொருளில் படமெடுப்போர் இவ்விவாதத்தைத் தவிர்க்க இயலாது. 1940இல் அடிமைநாட்டில் படமெடுத்தவரிடம் இதனை எதிர்பார்த்தல் காலமுரண். ஆனால் அப்படத்தை இன்று கற்பிப்போர் இதனை மறைத்தல் நேர்மையன்று.

6. இழப்பும் மீட்பும்

பழஞ்சுருளை மீட்டவரின் படமே பின்னர்த் தேடப்படும் பொருளாயிற்று. தமிழ் வடிவத்தின் முழுப்படி இன்று ஆய்வாளர் கைக்கு எட்டும் நிலையில் இல்லை. ‘குமரி மலர்’ இதழில் செட்டியார் எழுதிய உருவாக்க வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்த சுருக்கமான ஆங்கில வடிவத்தையும் தேடிக் கண்டறிந்தார். படம் எட்டாதபோதும் படமெடுத்த கதை எட்டியது என்பது குறிப்பிடத்தக்கது. இதழ்க் கட்டுரையின் தாள், நைட்ரேட் சுருளைவிட நீடித்துவிட்டது.

இழந்தது படம் மட்டுமன்று. தமிழர் பெரிதும் பங்குகொண்ட போரில் உருவான ஒருவரின் வரலாறு, தமிழ்க் குரலில் தமிழ் அவையோருக்குச் சொல்லப்பட்ட வடிவம் அது. ஆங்கில வடிவம் 1953இன் அமெரிக்கப் பார்வையாளரை நோக்கியது. எந்தச் சொற்களால் 1940இன் தமிழ்க் குரல் நிறவேற்றுமையை விளக்கியது என்பது மொழி வரலாற்றுக்கும் உரிய வினா. விளம்பரத் துண்டு, இதழ் மதிப்புரை, தணிக்கைக் குறிப்பு ஆகியவற்றைத் தேடி அதனை ஓரளவேனும் மீட்டமைத்தல் இளம் ஆய்வாளர்முன் உள்ள பணி.

படக்கருவி காணாதோரை மீட்கவும் வழியுண்டு. நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பற் பதிவேடுகள், ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, ஊர், மாவட்டம், உடல் அடையாளம் ஆகியவற்றைத் தருகின்றன. வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பழைய மாவட்டங்களின் பெயர்கள் அவற்றில் மிகுதி. ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்னைக்கு வரும் பழைய பெருவழி பூந்தமல்லி, குமணன்சாவடி வழியே நகரை அடைகிறது. இன்று அவ்வழியில் அமைந்த கல்லூரிகளில் பயிலும் மாணவரின் ஊர்ப்பெயர்களை அப்பதிவேட்டில் தேடச்செய்வது எளிய களப்பயிற்சி. ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் சிதைந்திருக்கும். அதனை இனங்காண உள்ளூர் அறிவு வேண்டும். அவ்வறிவு டர்பன் ஆவணக் காப்பகத்தில் கிட்டாது, இம்மண்ணில் கிட்டும்.

இதனோடு 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் தமிழ்ப் பகுதிகள், போராட்ட முடிவில் 1914இல் அவ்விதழ் வெளியிட்ட படங்கள் நிறைந்த சிறப்பு மலர், ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் நாகப்பன், வள்ளியம்மை ஆகியோர்க்கு எழுந்த நினைவுக்கற்கள் ஆகியவற்றையும் சேர்த்தால், அசையாத சான்றுகளைக் கொண்டே ஓர் ஆவணப்படத்திற்கான அடிப்படை அமையும்.

7. முடிவுரை

செட்டியாரின் ஆவணப்படம் மூன்று செய்திகளை ஆய்வுலகிற்கு உணர்த்துகிறது. முதலாவது, அசையும் படம் தானே வரலாறு ஆகாது. தேடலும் தெரிவும் ஒழுங்கும் அதனை வரலாறாக்குகின்றன. இரண்டாவது, சுருள் இல்லாமை நிகழ்ச்சி இல்லாமை ஆகாது. அது கருவியின் உடைமையைக் காட்டும் சான்று. மூன்றாவது, ஒருவரின் எதிர்ப்பை உண்மையாகச் சொல்ல, அவரருகே நின்றவரின் பெயர்களும் வேண்டும்.

ஒருவரைத் தேடி ஓர் இலக்கம் மைல் சென்ற தமிழர் ஒருவரை நாம் பெற்றிருந்தோம். அவர் காலத்தில் எட்டாத பலரின் பெயர்கள் பதிவேடுகளில் எண்களோடு காத்துள்ளன. அவற்றை ஊரோடும் குடும்பத்தோடும் பொருத்துவதே அவர் விட்ட இடத்திலிருந்து தொடரத்தக்க பணியாகும்.